ராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஸ்கூபா டைவிங்: வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது

கடைக்கு வந்தவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டால் ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்து எடுத்துவிடுவார். டைவருக்கு அப்படிக் குரல் கொடுக்க முடியாது. அவர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார், சாவி எங்கேயோ பையில் இருக்கிறது, வெளியே வர முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும். அதற்குள் ஐஸ் ஏற்றிய ஆட்டோ வந்து நிற்கும், தண்ணீர் லாரி வந்து நிற்கும், பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியும் வரலாம். கரையோர ஊர்களில் டைவர்கள் மேல் வரும் கோபத்துக்கு வேர் இதுதான் என்பது என் எண்ணம். கடலுக்குள் யார் போனாலும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்களின் கரை இது. நகர்த்த முடியாத வண்டிதான் பிரச்சினை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைத் தீர்ப்பதற்காகத்தான்.

படி 1: கரையையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

ராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பிரப்பன்வலசை, தேவிபட்டினம், தொண்டி என்று பாக் நீரிணையைப் பார்த்து இருப்பது வடகடல். பாம்பனின் தெற்குப் பக்கம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காற்று காலத்தில் வடகடல். டைவர்கள் இயல்பாகவே அமைதியான பக்கத்துக்குப் போவார்கள். படகுகளும் அந்தப் பக்கத்தைத்தான் நாடும். ஆகவே கடல் நமக்குத் தோதாக இருக்கும் காலத்தில் கரையில் இடம் குறைவாகத்தான் இருக்கும். இதை எதிர்பார்த்தே கிளம்புங்கள்.

அடுத்து, கிழமை. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். அப்படியானால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் இறங்குதளத்தை ஒட்டிய தெருக்களில் மீன் வண்டிகளுக்கே இடம் இருக்காது. அந்தக் காலைகளில் அந்தத் தெருக்களை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓடாததால் கரை காலியாக இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. அப்போதுதான் படகுக்குப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை சரிபார்ப்பது எல்லாம் நடக்கும். கரை வேலைக்களமாக மாறியிருக்கும். நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகும்.

வழிபாட்டு நேரங்களையும் பாருங்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஞாயிறு காலை சர்ச்சில் பூசை நேரம். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை போன்ற ஊர்களில் வெள்ளி மதியம் ஜும்மா. ஏர்வாடியில் வியாழன் மாலையிலிருந்தே தர்காவுக்குக் கூட்டம் வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் பக்கம் டைவிங் வண்டியோடு போகவே வேண்டாம். மற்ற அமாவாசைகளிலும் தீர்த்தமாட வருபவர்கள் இருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டமும் வலுவாக இருக்கும் என்பதால் அந்த நாட்களை விடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

படி 2: அனுமதி, தகவல்

மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் தேசியப் பூங்கா. 1986இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. தென்கடல் பக்கம் டைவ் என்றால் முதல் வேலை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது. ஊர்க்காரர் ஒருவர் "சும்மா போங்க சார்" என்று சொல்வது அனுமதி ஆகாது. நீங்கள் மாட்டினால் வண்டி நிறுத்த இடம் கொடுத்தவரையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள்.

கடலோரக் காவல் குழுமத்துக்கும் சொல்லிவிடுங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கடல் அட்டை, பீடி இலை, தங்கம் என்று கடத்தல் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருக்கும் கரை. 2023இல் மண்டபம் அருகே கடலில் வீசப்பட்ட கடத்தல் தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கித்தான் மீட்டார்கள். இருட்டு விலகாத நேரத்தில் வெளியூர்ப் பதிவெண் வண்டி, கனமான பைகள், கறுப்பு உடை. யார் பார்த்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். எத்தனை பேர், எந்த வண்டி, எந்தக் கரை, எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று முந்தின நாளே நிலையத்தில் தெரிவியுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் இலவச எண் 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றும் கரையில் இருப்பவரின் போனில் இருக்க வேண்டும்.

படி 3: சிலிண்டர் இல்லாமல் ஒரு முறை போய்ப் பார்ப்பது

புது ஊர் என்றால் முதல் நாளே, மாலை நான்கு மணி போல, பைக்கிலோ நடந்தோ போங்கள். டீக்கடையில் உட்கார்ந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: எந்தப் பாதையில் படகை இழுக்கிறார்கள், எங்கே மீன் ஏலம் போடுகிறார்கள், தண்ணீர் லாரி எந்த மூலையில் நிற்கும், பள்ளி வேன் எத்தனை மணிக்கு.

கேட்க வேண்டியது இரண்டு தரப்பிடம். ஒன்று ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்கள்: ஊர்த் தலைவர், மீனவர் சங்கம், ஜமாத், அல்லது சர்ச்சின் பங்குப் பேரவை. ஊருக்கு ஊர் இது மாறும், டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். இன்னொன்று, நீங்கள் நிறுத்தப்போகும் இடத்தை ஒட்டிய வீடு. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தலைவர் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது.

கேட்கும் முறையும் முக்கியம். "இங்க பார்க்கிங் உண்டா?" என்று கேட்டால் கரையோர ஊரில் அதற்குப் பதிலே கிடையாது. "அக்கா, நாளைக்குக் காலைல ஏழு மணியிலிருந்து ஒம்பதரை வரைக்கும் ஒரு காரை இந்தப் பனை ஓரமா நிறுத்திக்கலாமா? யாருக்காவது இடைஞ்சலா இருக்குமா?" என்று நேரமும் இடமும் சொல்லிக் கேளுங்கள். கீழக்கரைப் பக்கம் பெரியவர்களைக் காக்கா என்று அழைப்பது உள்ளூர் வழக்கம். வெளியூரிலிருந்து போகிறவர்கள் அண்ணே, பாய் என்றாலே போதும், மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டில் ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆண்கள் கூட்டமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். குழுவில் ஒரு பெண் இருந்தால் அவர் கேட்பது நல்லது.

படி 4: எங்கே நிறுத்தவே கூடாது

வீட்டு வாசல், தெருமுனை எல்லாம் எந்த ஊருக்கும் பொது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122இன்படி பொது இடத்தில் மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுப்போவது குற்றமும்கூட. இந்தக் கரைக்கே உரிய இடங்களைத்தான் வெளியூர்க்காரர்களால் அடையாளம் காண முடிவதில்லை.

காலி மணல் திட்டு போலத் தெரியும் இடம் கருவாடு காயப்போடும் களமாக இருக்கலாம். வெயில் ஏறியதும் கூடையோடு வருவார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடலிலிருந்து பாசி எடுத்துக் கரையில் உலர்த்துவார்கள். 'பெப்சி பாசி' என்று ஊரில் சொல்லும் வகையை மூங்கில் மிதவைகளில் வளர்த்து, அதையும் கரையில்தான் காயப்போடுகிறார்கள். டயரின் மண்ணும் எண்ணெயும் பட்டால் அந்தப் பாசிக்கு விலை போகாது. அவர்களின் ஒரு நாள் உழைப்பு அது.

படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் இடம் எப்போதும் பாதைதான். படகு இப்போது சும்மா கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள், காற்று மாறினால் உடனே தள்ளுவார்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கும் நங்கூரக் கயிறையும் கவனியுங்கள். மர நிழலில் வலை குவித்திருந்தால் அது வலை செப்பனிடும் இடம். வலையைச் செருப்புக் காலோடு மிதிப்பதும், படகின் மேல் ஏறி உட்கார்ந்து பிசிடி (சிலிண்டர் பூட்டும் மிதவைச் சட்டை) மாட்டுவதும் கடற்கரை ஊர்களில் பெரிய அவமரியாதை. அப்படிச் செய்தவர்களை யாரும் மறப்பதில்லை.

ஊற்று என்று ஒன்று உண்டு. மணலைத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் எடுக்கும் குழி. கரையை ஒட்டிய மணல்மேடுகளில் இருக்கும், ஓலையோ முள்ளோ போட்டு மூடியிருப்பார்கள். அதன் பக்கத்தில் வண்டி போகவே கூடாது.

கடற்கரை மணலுக்குள் வண்டியை இறக்குவதை முற்றிலும் விட்டுவிடுங்கள், ஜீப்பாக இருந்தாலும் சரி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். முட்டைக்குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டி மாட்டிக்கொண்டால் பத்து ஆட்களையும் ஒரு டிராக்டரையும் வேலையிலிருந்து இழுக்க வேண்டிவரும் என்பது தனி.

தென்னை மரத்தடியும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சீமைக் கருவேலங்காட்டு ஓரம் நிறுத்தினால் முள்ளுக்கு ஒரு டயர் போகும். பஞ்சர் சாமான் வைத்துக்கொள்ளுங்கள். தறித்துப்போட்ட முள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் நடைபாதையில் தள்ளாதீர்கள், பிள்ளைகள் வெறுங்காலில் நடக்கும் பாதை. பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. கீழக்கரையின் பழைய தெருக்கள் குறுகலானவை, காரை ஊருக்கு வெளியே அகலமான சாலையில் விட்டுவிட்டு ஆட்டோவில் சாமான் கொண்டுபோவதே மேல்.

படி 5: இறக்கு, நகர்த்து, அப்புறம் மாட்டு

80 கன அடி அலுமினிய சிலிண்டர் ஒன்று நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 17 கிலோ. இடுப்பில் கட்டும் ஈய எடையும் பிசிடியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால்தான் எல்லோரும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வண்டியை வைக்கப் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு ஒழுங்கு போதும். கரைக்குப் போகும் பாதையில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க, மற்றவர்கள் தார்ப்பாயில் சாமானை இறக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் முடியும். உடனே வண்டி அனுமதி வாங்கிய இடத்துக்குப் போய்விட வேண்டும். பிசிடி பூட்டுவது, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) சோதிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவிலேயே எல்லாவற்றையும் பூட்டுவது மிகப் பெரிய தொல்லை. பத்து நிமிட வேலை அங்கேதான் ஒரு மணி நேரமாக இழுக்கும்.

வால்வைத் திறந்து காற்றை விட்டுப் பார்க்கும் சத்தம் தெருவில் வேண்டாம். தொட்டிலில் குழந்தை தூங்கும், ஆடுகள் மிரளும். இரவெல்லாம் வலை போட்டுவிட்டு வந்தவர் காலை எட்டு மணிக்குத்தான் படுத்திருப்பார். கம்ப்ரஸரை ஊருக்குள் ஓட்டவே கூடாது. சிலிண்டரைப் படுக்கவைத்து இருபுறமும் அணை கொடுங்கள், நிற்கவைத்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வருவார்கள், காலில் விழுந்தால் எலும்பு போகும்.

மிச்ச சிலிண்டரைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் நிரப்பியது ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.7 பார் ஏறும். கண்ணாடியை இறக்கி, வெள்ளைத் துணியால் மூடி, நிழலில் வையுங்கள்.

வண்டியின் முகம் எப்போதும் வெளியே போகும் சாலையைப் பார்த்து இருக்கட்டும். நீருக்கடியில் யாருக்காவது ஏதாவது ஆனால், ஆக்சிஜன் வைத்திருக்கும் வண்டியைத் திருப்புவதற்குக் குறுகிய தெருவில் நேரம் இருக்காது.

படி 6: கரையில் ஒரு ஆள்

எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கரையில் ஒருவர் உலர்ந்த உடையோடு இருக்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவராக, தமிழ் பேசுபவராக, சாவியும் போனும் கையில் வைத்திருப்பவராக. குழுவில் நான்கு பேர் என்றால் மூன்று பேர் இறங்குங்கள், இரண்டாவது டைவில் மாறிக்கொள்ளுங்கள். இரண்டே பேர் என்றால் உள்ளூரில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து உட்காரவையுங்கள். அதுவும் முடியாவிட்டால் குடியிருப்புத் தெருவில் வண்டியை விட்டு இறங்க வேண்டாம், பஸ் ஸ்டாப் பக்கம் அகலமான இடத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

கார் சாவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள். ரிமோட் சாவி உப்புநீரில் நனைந்தால் வண்டி அங்கேயே நிற்கும், அப்புறம் நகர்த்த ஒருவராலும் முடியாது. சக்கரத்தின் மேல் ஒளித்துவைப்பதும் வேண்டாம். காணாமல் போனால் பழி ஊர்ப் பிள்ளைகள் மேல் விழும்.

முன் கண்ணாடியில் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு அட்டை வையுங்கள்:

"நாங்கள் கடலுக்குள் டைவிங் போயிருக்கிறோம். மூன்று பேர். காலை 9.15க்குக் கரையேறுவோம். வண்டியை எடுக்க வேண்டுமானால் கரையில் மஞ்சள் தொப்பி போட்டவரிடம் சொல்லுங்கள், உடனே எடுப்பார். அவர் எண்: ..."

இந்த அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆளில்லாத வண்டி, கரையில் செருப்பும் துணியும். கடற்கரை ஊரில் இதைப் பார்த்தால் மனம் பதறும். யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று வேலையைப் போட்டுவிட்டு, சொந்தச் செலவில் எண்ணெய் ஊற்றிப் படகை எடுத்துத் தேடப் போவார்கள், அவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களை அப்படி அலையவிடக் கூடாது. சொன்ன நேரத்தைத் தாண்டினால் கரையில் இருப்பவர் முதலில் பக்கத்து வீட்டுக்கும் படகுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும், அப்புறம் 1093. மேற்பரப்பில் மிதவையும் கொடியும் கட்டாயம் வேண்டும். அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்று முந்தின நாளே நாட்டுப்படகுக்காரர்களிடம் சொல்லிவையுங்கள்.

படி 7: உடை

வெட்சூட்டை (உடம்போடு ஒட்டிய டைவிங் உடை) தெருவில் கழற்றி நிற்பது கடலோரக் கிராமத்துக்குப் பொருந்தாது. ஆண்கள் வெட்சூட் மேலேயே கைலி கட்டிக்கொண்டு கரைக்குப் போய் வரலாம். பெண்கள் தளர்வான நீளச் சட்டையை மேலே போட்டுக்கொள்ளலாம், உடை மாற்ற வண்டிக்குள் நான்கு பக்கமும் மறைப்புத் துணி போதும். யாராவது வீட்டில் மாற்றிக்கொள்ளச் சொன்னால் சந்தோஷமாகப் போங்கள், ஈரம் சொட்டாமல் போங்கள். கரையின் சில மறைவுகள் ஊர்ப் பெண்கள் ஒதுங்கும் இடங்கள். பாறை, புதர் மறைவு என்று அங்கே போய்விடாதீர்கள்.

படி 8: தண்ணீர்

ராமநாதபுரத்தில் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தும், பல ஊர்களில் குடத்தோடு தள்ளுவண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தெருவில் நின்று ரெகுலேட்டர் கழுவக் குழாயைத் திறந்தால், தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் பெண்ணின் முகத்தை உங்களால் நேராகப் பார்க்க முடியாது. யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதாலேயே கேட்கக் கூடாது.

தங்கும் விடுதியிலிருந்து 20 லிட்டர் கேன் இரண்டு கொண்டுவாருங்கள். கரையில் ரெகுலேட்டர், கையில் கட்டும் டைவ் கணினி, கேமரா மூன்றுக்கு மட்டும் ஒரு வாளித் தண்ணீர். வெட்சூட், பிசிடி, காலில் மாட்டும் ஃபின் எல்லாம் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு மூடி விடுதிக்குக் கொண்டுபோய் அலசலாம். அந்த வாளியின் உப்புத் தண்ணீரையும் வீட்டுத் தோட்டத்திலோ ஊற்றின் அருகிலோ ஊற்றாதீர்கள், கடலிலேயே கொட்டுங்கள்.

படி 9: பணம்

அரியமான் போன்ற சுற்றுலாக் கடற்கரைகளில் வண்டிக்குக் கட்டணம் வாங்கினால் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மாலைக்குப் பிறகு இருக்க விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குடியிருப்பில் வேறு மாதிரி. இடம் கொடுத்த வீட்டுக்குப் பணம் கொடுக்கலாமா? கேட்டால் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். கேட்காவிட்டால் திணிக்காதீர்கள். காலைச் சாப்பாடு அந்தத் தெருவிலேயே சாப்பிடுங்கள், மீன் அங்கேயே வாங்குங்கள், பழம் வாங்கி வீட்டில் கொடுங்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சிறுவர்களுக்குக் காசு கொடுப்பதை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உங்களுக்காக நிற்பான்.

படி 10: யாராவது சத்தம் போட்டால்

"பொது இடம்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள். கரை புறம்போக்காகவே இருக்கட்டும், அதைக் காலம் காலமாகக் கூட்டிப் பெருக்கிக் காப்பாற்றியவர்கள் அவர்கள். "இந்தா எடுத்துடறேண்ணே" என்று முதலில் வண்டியை நகர்த்துங்கள். அப்புறம் இறங்கி, எங்கே விட்டால் சரியாக இருக்கும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் அவரே முன்னால் நடந்து இடம் காட்டுவார். இரண்டாவது முறையும் வேண்டாம் என்றால் அந்தத் தெரு அன்றைக்கு இல்லை, கிளம்பிவிடுங்கள்.

படி 11: கிளம்பும்போது

தார்ப்பாயை உதறிப் பாருங்கள். சங்கு, பவளத்துண்டு, சிப்பி எதையும் வண்டியில் ஏற்றாதீர்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் வருபவை, வழியில் சோதனைச்சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தால் மண்ணோடு அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடம் கொடுத்த வீட்டில் "கிளம்புறோம்க்கா" என்று சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்று ஒரு போன் போடுங்கள்.

டைவர் நண்பர்கள் இடம் கேட்பார்கள். அந்த வீட்டு வாசலை மேப்பில் குறித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒரு காருக்குச் சரி என்று சொன்ன அக்காவின் தெருவில் அடுத்த ஞாயிறு எட்டுக் கார் நிற்கும். ஊரின் பெயரையும் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லுங்கள், அவர்களும் முந்தின நாள் மாலை போய்த் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.